எந்த நீர் ‘இயல்பான’ நீர்?

(ஆய்வு மாணவர்கள் கூடிய கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் நிலத்தடி நீர் வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். “யுரேனியச் சுரங்கத்துக்கும் சாதி ஒழிப்பு மேடைக்கும் என்ன தோழர் சம்பந்தம்?” என்று வெளியே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

1927 மார்ச் 20 அன்று மகாடில் பாபாசாகேப் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான மக்களும் சவதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தார்கள். அதன்பிறகு ஆதிக்க சாதியினர் அந்தக் குளத்தில் சாணமும் கோமியமும் ஊற்றிச் ‘சுத்திகரித்தார்கள்’. எது சுத்தம் என்பதை அங்கே தண்ணீர் முடிவு செய்யவில்லை, அதிகாரம் முடிவு செய்தது. கருவிகளை வைத்து அளக்கும் என் துறையிலும் இந்தச் சிக்கல் உண்டு என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சர்ச் ராக் என்ற இடம். சுற்றிலும் வாழ்பவர்கள் நவஹோ பழங்குடிகள். தங்கள் மொழியில் தங்களைத் ‘தினே’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஆடு மாடு மேய்த்து வாழும் மக்கள். அங்கே யுனைடெட் நியூக்ளியர் நிறுவனத்தின் யுரேனியச் சுரங்கமும், பக்கத்திலேயே ஆலையும் இருந்தன. ஆலையில் தாதுவைப் பொடியாக்கி, கந்தக அமிலத்தில் கரைத்து, யுரேனியத்தைப் பிரித்தெடுப்பார்கள். மிஞ்சும் அமிலச் சகதியில் ரேடியமும் தோரியமும் அப்படியே இருக்கும். அதை மண் அணை கட்டித் தேக்கி வைத்திருந்தார்கள்.

1979 ஜூலை 16 விடியற்காலையில் அந்த அணை உடைந்தது. சுமார் 35 கோடி லிட்டர் கழிவுநீரும், ஆயிரம் டன் சகதியும் புவெர்க்கோ ஆற்றில் இறங்கின. அதே ஆண்டு மார்ச் மாதம் நடந்த திரீ மைல் தீவு அணு உலை விபத்து உலகத்துக்கே தெரியும். சர்ச் ராக் எத்தனை பேருக்குத் தெரியும்? பேரிடர் பகுதியாக அறிவிக்கச் சொல்லி நவஹோ மக்கள் கேட்டபோது மாநில ஆளுநர் மறுத்துவிட்டார்.

1982இல் ஆலை நின்றது. ஆனால் சகதிக் குட்டையிலிருந்து அமிலநீர் மண்ணுக்குள் கசிந்து நிலத்தடி நீரில் கலந்திருந்தது. அதைச் சரிசெய்யக் கிணறுகள் தோண்டி, கெட்ட நீரை இறைத்து, பெரிய குட்டைகளில் விட்டு ஆவியாக்கினார்கள். நீர் ஆவியாகிப் போகும். யுரேனியமும் ரேடியமும் எங்கும் போகாது, அடியில் உப்போடு உப்பாகத் தங்கும். ஆக, சுத்திகரிப்பு என்பது நஞ்சை அழிப்பதல்ல. அதை ஓரிடத்தில் ஒதுக்கிவைத்துத் தலைமுறை தலைமுறையாகக் காவல் காப்பது. அந்தக் காவல்தான் கண்காணிப்புக் கிணறுகள். குறிப்பிட்ட இடைவெளியில் அவற்றிலிருந்து நீர் எடுத்து, அமிலத்தன்மை, சல்பேட், யுரேனியம், ரேடியம் எல்லாம் அளப்பார்கள். கசிவு எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்பது அதில் தெரியும்.

அளந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது? எங்கள் துறையில் அதற்குப் ‘பின்னணி அளவு’ என்று பெயர். அதாவது, மாசு வருவதற்கு முன் அந்த நீர் இயல்பாக எப்படி இருந்தது என்பது. சர்ச் ராக்கில் கதை திரும்புவது இங்கேதான்.

சுரங்கம் தோண்டும்போது உள்ளே ஊறும் நீரை இறைத்து வெளியே விட்டாக வேண்டும். 1967 முதல் 1986 வரை அங்கிருந்த சுரங்கங்கள் அந்த நீரை ஓடையில் விட்டன. மழைக்கு மட்டும் ஓடிய ஓடை ஆண்டு முழுவதும் ஓடியது. மக்கள் ஆடுகளுக்கு அந்த நீரைக் காட்டினார்கள். அணை உடைந்த அந்த ஒரு நாளைவிட, இருபது ஆண்டுகளாக ஓடிய இந்தச் சுரங்க நீர்தான் ஆற்றுக்கு அதிக யுரேனியத்தைக் கொண்டுவந்தது. அதே நீர் மண்ணில் இறங்கி ஆலையைச் சுற்றிலும் நிலத்தடி நீராக நின்றது.

ஆலைக் கசிவைச் சுத்தம் செய்ய வந்த அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, ‘சுரங்கத்துக்குப் பின், ஆலைக் கழிவுக்கு முன்’ இருந்த நீரையே பின்னணியாக எடுத்துக்கொண்டது. ஒரே நிறுவனத்தின் சுரங்கம் விட்ட நீர், அதே நிறுவனத்தின் ஆலைக்கு ‘இயல்பு நிலை’ ஆகிவிட்டது! இதில் பொறியியல் நியாயம் உண்டு, மறைக்க மாட்டேன். சுரங்கத்துக்கு முன் அந்த மண்ணடுக்கில் அவ்வளவு நீரே இல்லை. சுரங்க நீர் நின்றபின் அடுக்கு வறண்டு, இறைக்கவும் நீர் குறைந்தது. ஆனால் விளைவைப் பாருங்கள். முதல் கெடுதல் யார் கணக்கிலும் வரவில்லை. இரண்டாவது கெடுதலை மட்டும் அளக்கிறோம்.

இந்தக் கணக்கு நமக்குப் புதிதா தோழர்களே? “இப்போ எல்லாரும் சமம்தானே, இனிமேல் திறமையைப் பார்ப்போம்” என்று என்னோடு படித்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். நிலம் பறித்த பிறகு, பள்ளிக்கூடத்துக்கு வெளியே நிறுத்திய பிறகு இருக்கும் நிலையை ‘இயல்பு’ என்று வைத்துவிட்டு, அங்கிருந்து அளக்கச் சொல்கிறார்கள். அநீதிக்குப் பிந்தைய நிலையைத் தொடக்கப் புள்ளியாக வைத்தால், அடுத்து வரும் எந்த அளவீடும் நேர்மையாக இருக்க முடியாது.

செய்ய முடியாது என்பதும் இல்லை. கிழக்கு ஜெர்மனியின் விஸ்முட் யுரேனியச் சுரங்கங்கள் 1990இல் மூடப்பட்டபின், ஒன்றுபட்ட ஜெர்மனி அரசு அந்தப் பொறுப்பை ஏற்றது. 600 கோடி யூரோவுக்கு மேல் செலவழித்து, இன்றும் சுரங்க நீரைச் சுத்திகரிக்கிறது. நவஹோ நிலத்திலோ கைவிடப்பட்ட யுரேனியச் சுரங்கங்கள் 500க்கு மேல் கிடக்கின்றன. வேதியியல் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். அந்த மக்கள் 2005இல் தங்கள் நிலத்தில் யுரேனியச் சுரங்கத்தையே தடை செய்து சட்டம் இயற்றினார்கள்.

ஜார்கண்டின் ஜாதுகுடாவில் 1967இல் தொடங்கிய யுரேனியச் சுரங்கமும் ஆதிவாசி மக்களின் நிலத்தில்தான் இருக்கிறது. ஒருநாள் அதையும் மூடுவார்கள். அன்று எந்த ஆண்டின் நீரை ‘இயல்பு’ என்று எழுதுவார்கள்?

ஆகவே என் கோரிக்கை எளியது. எங்கே சுரங்கம் வந்தாலும், முதல் மண்வெட்டி விழுவதற்கு முன் ஊர்க் கிணறுகளின் நீரை அளந்து, அந்தத் தாளை ஊர் மக்களின் மொழியில் அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். அறிவியல் படிக்கும் தோழர்கள் அந்த வேலைக்கு வாருங்கள். ‘இயல்பு’ என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம், எந்தத் தேதியிலிருந்து என்று கேளுங்கள்.