விழப்போற பல்தானே?



“விழப்போற பல்தானே, அதுக்கேன் டொக்டர்?” கல்முனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் நம் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பால்பல்லில் சூத்தை விழுந்து, பிள்ளை கன்னத்தைப் பொத்திக்கொண்டு அழும்வரை யாரும் அசைவதில்லை. அழத் தொடங்கினால் கிராம்பு, உப்புத் தண்ணீர், பனடோல். அதுவும் சரிவராவிட்டால்தான் ஆஸ்பத்திரி. அந்த நேரத்தில் பல்லைப் பிடுங்குவதைத் தவிர டொக்டருக்கும் பெரும்பாலும் வழி இருப்பதில்லை.

பால்பற்கள் மொத்தம் 20. முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் விழுந்துவிடும். கடைவாயில் உள்ளவை விழப் பத்து, பன்னிரண்டு வயதாகும். அதுவரை பிள்ளை சோறு மெல்லுவது அவற்றால்தான். அடியில் வளரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பதும் அவைதான். காலத்துக்கு முன் பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து அந்த இடத்தை அடைத்துவிடும். பிறகு பல் கோணிப்போச்சு என்று கிளிப் போட அலைய வேண்டும்.

இன்னொன்று. ஆறு வயதளவில், எந்தப் பல்லும் விழாமலே, பால்பற்களுக்குப் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப்பல் முளைக்கும். அது நிரந்தரப் பல். உம்மாமார் பலர் அதையும் பால்பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அது போனால் வேறு முளைக்காது.

பிள்ளையின் மேலுதட்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள். முன்பல்லில் ஈறோரமாகச் சுண்ணாம்பு பூசியதுபோல் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தால், சூத்தை தொடங்கிவிட்டது. நோகாது, பிள்ளையும் சொல்லாது. இந்தக் கட்டத்தில் டொக்டர் புளோரைட் பூசி அதை நிறுத்திவிடலாம். அந்தக் கோடு பெரும்பாலும் சூப்பிப் போத்தல் செய்யும் வேலை. சீனி போட்ட பால்மாவை வாயில் வைத்துக்கொண்டே பிள்ளை உறங்கிவிடும். உறக்கத்தில் எச்சில் குறைவாகச் சுரப்பதால் அந்த இனிப்பு விடியும்வரை பல்லில் கிடக்கும்.

மிஸ்வாக் நம் மார்க்கத்தின் சுன்னத். அதைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் சின்னப் பிள்ளையின் கடைவாய் இடுக்குக்குள் குச்சி போகாது. பிரஷும் புளோரைட் பற்பசையும் கூடவே வேண்டும். மூன்று வயதுக்குள் ஓர் அரிசியளவு, அதற்குமேல் ஒரு பட்டாணியளவு. இராத்திரிப் படுக்கப்போகுமுன் உம்மாவோ வாப்பாவோ பிடித்துத் தீட்டிவிட வேண்டும். ஏழெட்டு வயது வரைக்கும் பிள்ளையின் கைக்கு அது வசப்படாது. தீட்டினால் மட்டும் போதாது, இனிப்பிலும் கவனம் வேண்டும். கடையில் சோடா வாங்கினால் போத்தலில் உள்ள நிற அடையாளத்தைப் பாருங்கள். 2016இலிருந்து இலங்கையில் அது கட்டாயம். சிவப்பு என்றால் சீனி அதிகம்.

பாடசாலைகளோடு சேர்ந்த பற்சிகிச்சை நிலையங்கள் நமக்குக் கிடைத்த பெரிய கொடை. 1921இல் நியூசிலாந்தில் தொடங்கிய முறை அது. கொழும்புத் திட்டத்தின் உதவியோடு 1950களில் இலங்கைக்கு வந்தது. மகரகமையில் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர்கள் பிள்ளைகளின் பல்லைச் சோதித்து, சூத்தையை அடைத்தும் விடுகிறார்கள். அவர்கள் கையை மீறினால் கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கேட்கமாட்டார்கள்.

சிறுவர் பல் வைத்தியம் தனியான ஒரு துறை. பயந்த பிள்ளையிடம் முதலில் சொல்லி, பிறகு கண்ணாடியில் காட்டி, அதன்பின்தான் கருவியை வாய்க்குள் கொண்டுபோவார்கள். நரம்புவரை போன சூத்தையைச் சுத்தம் செய்து, பால்பல்லுக்கு உலோகத் தொப்பி போட்டுக் காப்பாற்றுவார்கள். அப்படிப்பட்ட சிக்கலான சிகிச்சைக்குப் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலை வரை போகவேண்டி வரலாம். தூரம்தான், ஆனால் நேரத்தோடு காட்டிய பிள்ளைக்கு அந்தப் பயணம் அநேகமாகத் தேவைப்படாது. நாமோ, “சேட்டை பண்ணினா பல் டொக்டருட்ட சொல்லி ஊசி போடுவன்” என்று வெருட்டியே வளர்க்கிறோம். அப்படி வளர்ந்த பிள்ளை வாயைத் திறக்குமா?

சூத்தையால் மட்டுமல்ல, அடிபட்டும் பல் போகும். கடற்கரையில் கிரிக்கெட் விளையாடும்போது பந்து பட்டு நிரந்தரப் பல் முழுதாகக் கழன்று விழுந்தால், வேரைத் தொடாமல் எடுத்துப் பசும்பாலில் போட்டு, ஒரு மணித்தியாலத்துக்குள் பல் டொக்டரிடம் கொண்டுபோங்கள். திரும்பப் பொருத்த வாய்ப்புண்டு. பால்பல் என்றால் பொருத்தக் கூடாது.

பெற்றோரே, முதற்பல் முளைத்து ஒரு வயது நிறையுமுன் பிள்ளையை ஒருமுறை பல் டொக்டரிடம் காட்டுங்கள். நோவு வந்த பிறகல்ல, பிள்ளை சிரித்து விளையாடும் நாளில் கூட்டிப்போங்கள்.