மாநகராட்சியின் வருகைப் பதிவேடும் சமத்துவமும்

(உள்ளாட்சிப் பணிகள் குறித்த பயிலரங்கு ஒன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பெருநிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் மூன்று சொற்கள் தவறாமல் இடம்பெறத் தொடங்கியுள்ளன: பன்மைத்துவம், சமத்துவம், உள்ளடக்கம். இச்சொற்கள் இப்போது மாநகராட்சிகளின் விளம்பரப் பலகைகளுக்கும் வந்துவிட்டன. மகளிர் தினத்தன்று சுவர்களுக்கு வண்ணம் பூசப்படுகிறது. ஒருநாள் விழாவுக்குத் திருநங்கையர் மேடைக்கு அழைக்கப்படுகின்றனர். இவற்றில் குற்றம் காண வேண்டியதில்லை. எனினும், ஒரு நகர நிர்வாகம் மெய்யாகவே சமத்துவத்தை நாடுகிறதா என்று அறிய விரும்புவோர் விடியற்காலையில் தெருவைப் பெருக்குபவரின் பெயர் எவருடைய பதிவேட்டில் எழுதப்பட்டுள்ளது என்று விசாரிப்பது நல்லது.

அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதனுடன் சேர்க்கப்பட்ட 12-ஆவது அட்டவணை, நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைக் கூறுகிறது. சாலை, குடிநீர், தீயணைப்பு ஆகியவற்றோடு, ஒன்பதாவது இனமாக, மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்ட நலிந்த பிரிவினரின் நலன்களைப் பாதுகாப்பதும் அதில் இருக்கிறது. மன்ற இடங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கும், மக்கள்தொகை விகிதத்தில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்க வேண்டும் என்பதும் கட்டாயமாக்கப்பட்டது. கேரளம் 2009-இல் பெண்களுக்கான பங்கை 50 சதவீதமாக உயர்த்தியது. வேறு பல மாநிலங்களும் அவ்வாறே செய்துள்ளன.

ஆனால் தேர்தலே நடக்காத மன்றத்தில் இடஒதுக்கீட்டுக்கு என்ன பொருள்? பெங்களூரு மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. மும்பை மன்றத்தின் காலம் 2022 மார்ச்சில் முடிந்தது. அதன்பின் இரு நகரங்களும் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக, மக்கள் தேர்ந்தெடுக்காத நிர்வாகிகளின் கையில் இருந்தன. தலித் பெண் உறுப்பினர் ஒருவர் தம் வட்டத்தின் கழிப்பறைக்காகக் குரலெழுப்பும் அந்த ஒரே அவை அத்தனை காலமும் பூட்டிக் கிடந்தது.

மும்பைத் துப்புரவுத் தொழிலாளரின் வழக்கைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். நாட்டின் செல்வம் மிகுந்த மாநகராட்சி அது. அதன் குப்பையை அள்ளியவர்களில் ஆயிரக்கணக்கானோர் ஒப்பந்தத் தொழிலாளர். பெரும்பாலும் தலித் மக்கள். ஒப்பந்தத் தொழிலாளர் (முறைப்படுத்தல் மற்றும் ஒழித்தல்) சட்டம், 1970 அன்று 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்கே பொருந்தியது. ஆகவே ஒப்பந்தங்கள் அந்த எண்ணிக்கையைத் தொடாதபடி துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டன. வேறு சில இடங்களில் அவர்களுக்குத் ‘தொண்டர்கள்’ என்று பெயர் சூட்டப்பட்டது. நாள் முழுதும் வெறுங்கையால் குப்பை அள்ளுபவர் தொண்டராம்! தொண்டருக்குக் கூலி கிடையாது, ‘மதிப்பூதியம்’தான், விடுப்பு, வருங்கால வைப்பு நிதி ஆகிய பேச்சுக்கே இடமில்லை.

கச்ரா வாகதுக் ஷ்ரமிக் சங்கம் இந்த ஏமாற்றை எதிர்த்துத் தெருவிலும் தீர்ப்பாயத்திலும் போராடியது. ஒப்பந்தம் வெறும் போர்வை, உண்மையான முதலாளி மாநகராட்சியே என்பது அதன் வாதம். தொழில் தீர்ப்பாயம் 2014-இல் அதை ஏற்று, 2,700 தொழிலாளரை நிரந்தரப் பணியாளராகக் கருத வேண்டும் என்றது. மாநகராட்சி உயர்நீதிமன்றம் சென்றது, தோற்றது. உச்சநீதிமன்றம் சென்றது, 2017 ஏப்ரலில் அங்கும் தோற்றது. அதன்பிறகும் பெயரில் எழுத்து மாறியிருக்கிறது, ஆவணம் பொருந்தவில்லை என்று பலருக்கு ஆணை தள்ளிப்போடப்பட்டது. எழுதப் படிக்க வாய்ப்பளிக்கப்படாத ஒருவரின் பெயரை ஒப்பந்ததாரரின் எழுத்தர் பிழையாக எழுதியதற்கு, தண்டனை தொழிலாளிக்கு!

சாதி இங்கே எவ்வாறு இயங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். எந்த அதிகாரியும் தீண்டாமையைப் பேசவில்லை. ஒப்பந்தப் புள்ளி கோரும் விதிகளே அந்த வேலையைச் செய்து முடித்துவிட்டன. கழிவுநீர்த் தொட்டிகளில் நிகழும் மரணங்களிலும் இதே ஒப்பந்தப் போர்வைதான் பொறுப்பை மறைக்கிறது. உயிரிழந்தோரின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என 2014-இல் வரையறுத்த உச்சநீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு உயர்ந்தாலும், ஆளைத் தொட்டியில் இறக்கும் துணை ஒப்பந்தங்கள் நின்றபாடில்லை.

புணேயில் வேறொரு வழி திறந்தது. குப்பையிலிருந்து காகிதமும் பிளாஸ்டிக்கும் பொறுக்கி வாழ்ந்தவர்கள், பெரும்பாலும் தலித் பெண்கள், 1993-இல் காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்து என்ற சங்கத்தில் திரண்டனர். மாநகராட்சியின் ஒப்புதல் பெற்ற அடையாள அட்டை அவர்களுக்குக் கிடைத்தது. திருடர் என்று காவலர் விரட்டிய பெண்ணின் கையில் நகரமே வழங்கிய அட்டை! 2008-இல் அவர்களுக்கே சொந்தமான ‘ஸ்வச்’ கூட்டுறவு, வீடு வீடாகக் குப்பை சேகரிக்க மாநகராட்சியுடன் உடன்பாடு செய்துகொண்டது. இதிலும் குறை உண்டு. வீட்டார் தரும் கட்டணத்தையே பெரிதும் நம்பிய இந்த ஏற்பாட்டில் மாநகராட்சிப் பணியாளருக்குரிய பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை; உடன்பாட்டைப் புதுப்பிக்க வேண்டிய ஒவ்வொரு முறையும் பெருநிறுவனங்கள் வாசலில் காத்திருக்கின்றன.

வேலை மட்டும் போதாது என்பதைக் கொச்சி காட்டியது. 2017-இல் மெட்ரோ ரயில் தொடங்கியபோது குடும்பஸ்ரீ வழியாக 23 திருநங்கையர், திருநம்பியர் பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். நாடே பாராட்டிய முடிவு, பாராட்டத்தக்கதும்கூட. சில நாட்களிலேயே எட்டுப் பேர் விலகினர். அவர்களுக்கு வீடு தர எவரும் முன்வரவில்லை. கிடைத்த விடுதி அறைகளின் வாடகையோ சம்பளத்தை விழுங்கியது. இரவு தங்க இடமில்லாதவர் காலையில் சீருடையுடன் பயணச்சீட்டு வழங்கும் முகப்பில் எப்படி நிற்பார்? பணி நியமனத்தைப் பற்றிச் சிந்தித்தவர்கள் வாடகைச் சந்தையைப் பற்றிச் சிந்திக்கவில்லை. பணிபுரிவோர் விடுதிகள், பொது வாடகைக் குடியிருப்புகள் ஆகியவற்றை அமைக்க வேண்டிய நகர நிர்வாகங்கள் அதைச் சந்தையிடமே விட்டுவிட்டன.

அதே சந்தைதான் நடைபாதையையும் கேட்கிறது. 2022 ஏப்ரல் 20 அன்று டெல்லி ஜஹாங்கீர்புரியில், மதக் கலவரம் நடந்த சில நாட்களுக்குள், வடடெல்லி மாநகராட்சி புல்டோசர்களை அனுப்பியது. உச்சநீதிமன்றம் தடை விதித்த பின்பும் இடிப்பு தொடர்ந்தது. தோழர் பிருந்தா காரத் அந்த ஆணையின் நகலைக் கையில் ஏந்தி இயந்திரத்தின் முன் நின்றார். 15 நாள் முன்னறிவிப்பு இன்றி இடிக்கக் கூடாது என்ற விதிமுறைகள் 2024 நவம்பரில்தான் வந்தன.

தெருவோர வியாபாரிகளைக் காக்கும் சட்டமோ 2014-லேயே வந்துவிட்டது. கணக்கெடுப்பு முடியும்வரை எவரையும் அகற்றக் கூடாது என்கிறது அச்சட்டம். நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாத இடங்கள் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளுக்கு உரியவை; அவற்றில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. பூக்கூடையுடன் நடைபாதையில் அமர்ந்திருக்கும் ஒரு பெண் மாநகராட்சி ஆணையருடன் ஒரே மேசையில் அமர்ந்து, விற்பனை இடங்கள் குறித்துப் பேசும் உரிமை அது. தோழர்கள் தத்தம் நகரத்தில் விசாரிக்க வேண்டியவை பல உண்டு. கணக்கெடுப்பு நடந்ததா? இரவில் மட்டும் கடை போடுவோர் அதில் சேர்க்கப்பட்டனரா? குழுவுக்குத் தேர்தல் நடந்ததா, அல்லது அதிகாரிகளே பெயர்களை நிரப்பினரா? கடைசிக் கூட்டம் எப்போது கூடியது. அதற்கான அழைப்பு அந்தப் பூக்காரரின் கைக்கு வந்து சேர்ந்ததா?