கம்பளைச் சந்தையிலிருந்து ஒரு கொரிய விருந்து

திருமணங்களிலும் பிறந்தநாள்களிலும் அறுவடைத் திருநாளான சூசொக்கிலும் கொரிய மக்கள் பரிமாறும் சாப்சே என்பது, வற்றாளங்கிழங்கின் மாப்பொருளில் செய்யப்பட்டு, வெந்ததும் கண்ணாடிபோலாகும் நூடுல்ஸை மரக்கறிகளோடு பிரட்டிச் சமைக்கும் உணவாகும். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னர் குவாங்கேகுனின் அரண்மனையில் புகழ்பெற்ற சாப்சேயில் நூடுல்ஸே இருக்கவில்லை. அது 20ஆம் நூற்றாண்டில்தான் வந்து சேர்ந்தது. ஆகவே, இன்றைய சமையலில் சிறு மாற்றம் செய்வதை மரபுமீறல் என்பது பொருந்தாது.

நுவரெலியா வீதி கம்பளையூடாகச் செல்வதால் கரட்டும் லீக்ஸும் இங்கு எளிதில் கிடைக்கின்றன; பசளிவகைக் கீரைக்கு ஈடாகக் கங்குனைக் கொள்ளலாம். கொரிய நூடுல்ஸ் கிடைக்காதவிடத்துப் பாசிப்பயற்று மாப்பொருளில் செய்த கண்ணாடி நூடுல்ஸை வெந்நீரில் ஊறவைத்துப் பயன்படுத்தலாமேயன்றி, எளிதில் உடையும் அரிசி நூடுல்ஸ் இதற்கு உகந்ததன்று.

மரக்கறிகளை ஒன்றாகக் கொட்டி வதக்கினால் நீர்விட்டுக் குழையுமாதலால், மெல்லிய நீள்துண்டுகளாக அரிந்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே வதக்குவதே இச்சமையலின் உயிர்நாடி. கங்குனை மட்டும் கொதிநீரில் ஒரு நிமிடம் இட்டெடுத்து இறுகப் பிழிய வேண்டும். 200 கிராம் நூடுல்ஸுக்கு 3 மேசைக்கரண்டி சோயா சோஸும் 1 மேசைக்கரண்டி சீனியும் போதும். கொரியர் வறுத்த எள்ளின் எண்ணெயையே சேர்ப்பர். நம் நல்லெண்ணெயில் அந்த வறுத்த மணம் குறைவாதலால், வெறுஞ்சட்டியில் பொன்னிறமாக வறுத்து நொறுக்கிய எள்ளை இறுதியில் தூவுவது அக்குறையைப் பெருமளவு ஈடுசெய்யும்.