ரோடு கெட்டால் ஏரியும் கெடும்
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



ஏரித் தண்ணீர் ஏன் கலங்குது, ஏன் பச்சையாகுதுன்னு கேட்டால் சாக்கடை, குப்பை என்று சொல்கிறோம். உண்மைதான். ஆனால் ரோட்டை நாம் யாரும் சொல்வதில்லை.

ஐப்பசி மழையில் ஏரிப்பக்கத்து கிராவல் ரோட்டைப் பாருங்கள். நடுப்பகுதி மேடாக இருந்தால் தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்துவிடும். பள்ளமாகிவிட்டால் ரோடே வாய்க்கால்தான். மண்ணை அரித்துக்கொண்டு நேராக ஏரியில் இறங்கும். சிறுபாலத்துக் குழாய் அடைத்திருந்தால் ரோட்டையே உடைத்துக்கொண்டு போகும்.

அந்த மண்ணால் ஏரி தூர்ந்து, பிடிக்கிற தண்ணீர் குறையும். அது மட்டுமா? மண்ணோடு ஒட்டிக்கொண்டு மணிச்சத்தும் வருகிறது. நாம் வயலுக்குப் போடும் டி.ஏ.பி.யில் இருக்கிற அதே சத்துதான். வயலில் பயிரை வளர்க்கும், ஏரியில் பாசியை வளர்க்கும். பாசி செத்து அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துவிடும். விடியற்காலையில் மீன் செத்து மிதக்க இதுவும் ஒரு காரணம். கடன் வாங்கி ஏரியில் மீன் விடும் குழுவுக்கு எவ்வளவு நஷ்டம்! மாடு குடிக்கிற தண்ணீரும் கெடும்.

பராமரிப்பையும் முறையாகச் செய்யணும். மழைக்கு நாலு நாள் முன்னால் பொக்லைன் விட்டு ஓரத்துப் புல்லை வழித்தெடுத்தால், முதல் மழையிலேயே மண் ஏரிக்குப் போய்விடும். வாரிய மண்ணை ஏரிப்பக்கம் கொட்டினாலும் அதே கதைதான். கோடையிலேயே வேலையை முடித்தால், ஆடி, ஆவணி மழையில் புல் முளைத்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ரோட்டோரத் தண்ணீரைப் புல்தரையில் பரவவிட்டால் மண் அங்கேயே தங்கிவிடும்.

நாம் என்ன செய்யலாம்?

1. மழை நாளில் ரோட்டுத் தண்ணீர் எந்த இடத்தில் ஏரியில் விழுகிறது என்று பார்த்து, குழு நோட்டில் எழுதி வைப்போம்.

2. 2000-ல் தொடங்கிய பிரதமர் கிராம சாலைத் திட்டத்தில் ரோடு போட்டவர்தான் 5 வருஷம் பராமரிக்க வேண்டும். நம்ம ரோடு அந்தத் திட்டத்து ரோடா என்று தகவல் பலகையைப் பார்ப்போம்.

3. மார்ச் 22 தண்ணீர் தினத்தையொட்டி நடக்கும் கிராம சபையில் மனு கொடுப்போம். கோடை வேலைக்கு அதுதான் சரியான நேரம்.

உத்தரகாண்ட், இமாச்சலப் பிரதேசம், மேகாலயா மாநிலங்களில் நம்மைப் போன்ற மகளிர் குழுக்களே கிராம ரோட்டுப் பராமரிப்பை ஒப்பந்தம் எடுத்துச் செய்திருக்கிறார்கள். கூலியும் கிடைத்தது, ரோடும் நன்றாக இருந்தது. நம்மால் முடியாதா? அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு குழுவும் நோட்டோடு வருவோம்.