உப்பு விழாவும் உப்புக்குச் சப்பாணியும்

(இடையஞ்சாவடிப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஏப்ரல் திங்கள் பிறந்துவிட்டால் நினைவு நாட்களுக்குப் பஞ்சமே இல்லை. 6ஆம் நாள், 1930இலே காந்தியார் தண்டிக் கடற்கரையில் உப்பை அள்ளிய நாள். 14ஆம் நாள், 1891இலே அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாள். 29ஆம் நாள், அதே 1891இலே புரட்சிக் கவிஞர் பாரதிதாசன் பிறந்த நாள். 30ஆம் நாள், 1930இலே வேதாரண்யத்தில் இராசகோபாலாச்சாரியார் உப்பெடுத்துக் கைதான நாள். நாட்காட்டித் தாளைக் கிழிப்பவர் கை ஓய்ந்தாலும், மாலை போடுகிறவர் கை ஓய்வதில்லை!

நான் இன்று பேச வந்தது 13ஆம் நாளைப் பற்றி. 1919இலே அந்த நாளில்தான் ஜாலியன்வாலாபாக்கில் குருதி ஆறாக ஓடியது. 1930இலே அதே நாளைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆச்சாரியார் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடைப்பயணம் கிளம்பினார். உடன் சென்றவர்கள் நூறு பேர் அளவிலே. நடந்த தொலைவு ஏறத்தாழ 150 கல். அதனைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. தஞ்சை மாவட்டக் கலெக்டர் தார்ன் என்பவர், வழியிலே அவர்களுக்குச் சோறு போடுகிறவனுக்கும் தங்க இடம் கொடுக்கிறவனுக்கும் சிறை என்று மிரட்டினார். மக்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளிலே கட்டித் தொங்கவிட்டார்கள்! மரத்தையா கைது செய்வாய் என்று கேட்காமல் கேட்டார்கள். வேதாரண்யத்திலே வைரப்பன் என்ற நாவிதர், சவரம் பாதியிலே இருக்கும்போது எதிரே அமர்ந்திருப்பவன் போலீசுக்காரன் என்று அறிந்து, கத்தியைக் கீழே வைத்துவிட்டார். பாதி முகத்தோடு அவன் ஓடினான். வைரப்பன் சிறைக்குச் சென்றார். சரித்திரம் தலைவரை மட்டுமா தூக்கி நிறுத்தியது? பொட்டலம் கட்டிய கையும் கத்தியை வைத்த கையும் அல்லவா அதைத் தூக்கின!

அடுத்த காட்சிக்கு வருகிறேன். நான் நாடகம் எழுதுகிறவன். ஆனாலும் இப்படி ஒரு காட்சியை எழுத எனக்குத் துணிவு வந்திராது. மிகைப்படுத்துகிறான் என்று கொட்டகையிலேயே கூச்சலிடுவார்கள்.

உப்பு வரி 1947இலே ஒழிந்தது. ஆறே ஆண்டுகள், 1953இலே உப்புத் தீர்வைச் சட்டம் என்று ஒன்று வந்தது! வரி என்று சொன்னால்தானே வெட்கம்; தீர்வை என்று சொன்னால் தீர்ந்தது! உப்புத் தொழிலாளர் நலனைப் பற்றியும் அந்தச் சட்டத்திலே ஒரு வரி உண்டு. சட்டத்தின் உள்ளே ஒரு வரி, உப்பின் மேலே ஒரு வரி. உள்ளே இருந்த வரியால் உப்பளத்தான் கண்ட சுகம் என்ன என்று அவன் காலைப் பார்த்துக் கேளுங்கள். அந்தச் சட்டமும் பிற்காலத்திலே கைவிடப்பட்டது.

அதே 1953இலே, சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக இருந்தவர் யார்? வேதாரண்யத்து வீரர் ஆச்சாரியார்தான். அவர் கொண்டுவந்த கல்வித் திட்டம் என்ன? கிராமத்துப் பிள்ளை மூன்று மணி நேரம் பள்ளியிலே இருக்கட்டும். மிச்ச நேரத்தில் அப்பன் தொழிலைப் பழகட்டும் என்பது. குலக் கல்வி என்று நாடே பெயர் சூட்டிற்று. வக்கீல் மகன் எந்தத் தொழிலைப் பழகுவான் என்பது எல்லோருக்கும் தெரியும். மரக்காணத்து உப்பளத்தான் மகன் எதைப் பழகுவான்? காலையிலே அகரம், பிற்பகலிலே உப்பு வாரும் பலகை! ஒரு பிடி உப்பை எடுத்து ஊரறியப் பெயர் பெற்றவர் ஆட்சியிலே, ஆயுளெல்லாம் உப்பை எடுப்பவன் பிள்ளைக்கு, நீயும் உப்பையே எடு என்று கால அட்டவணை!

1953 சூலையிலே நடந்த மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இந்தத் திட்டத்தை எதிர்த்துத்தான். ஆச்சாரியார் பதவி விலகினார். காமராசர் முதலமைச்சர் பொறுப்பேற்றார். மறு மாதமே அந்தத் திட்டம் குழிக்குள் போயிற்று. அவர் பொறுப்பேற்ற நாள் எது? 1954, ஏப்ரல் 13! நடைப்பயணம் புறப்பட்ட அதே நாள். இருபத்து நான்கு ஆண்டு இடைவெளி. அந்தக் காமராசரும் 1930இலே உப்புப் போரில் சிறை சென்றவர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஒரே உப்பைத் தின்றவர்கள் இருவர். தண்ணீர் குடித்த விதம் வேறு.

இந்த 13ஆம் நாளுக்கு எந்த மேடையிலாவது இரண்டு ஆண்டுகளையும் சேர்த்துச் சொல்லக் கேட்டதுண்டா? 1930ஐச் சொல்வார்கள், 1954ஐ விழுங்கிவிடுவார்கள். 2021 மார்ச் 12இலே சபர்மதியில் பிரதமர் கொடியசைத்தார். 81 பேர் தண்டியை நோக்கி நடந்தார்கள். நடக்கட்டும், நடப்பது உடம்புக்கு நல்லது. அதே குசராத்தின் கட்ச் வெளியிலே அகரியா என்ற உப்புத் தொழிலாளர் இருக்கிறார்கள். அவர்கள் இறந்தால் உடல் முழுதும் வெந்தாலும் உள்ளங்கால் வேகாது என்பார்கள். உப்பிலே ஊறி உறைந்துபோன கால். விழாவிலே நடந்த கால்களைப் படம் பிடித்தார்கள். வேகாத கால்களைப் படம் பிடிக்க எத்தனை பேர் போனார்கள்?

பிள்ளைகள் விளையாட்டிலே ஆட்டத்துக்குள் நிற்பான், ஆனால் ஆட்டத்தில் சேர்த்தி இல்லை. அவனை உப்புக்குச் சப்பாணி என்கிறோம். உப்புத் திருவிழாவிலே அந்த வேடம் உப்பளத் தொழிலாளிக்கே கிடைத்திருக்கிறது!

இப்போது நம் ஊர்ப் பக்கம் வருவோம். இடையன் சாவடி என்று பிரித்துச் சொன்னால் வழிப்போக்கன் இளைப்பாறும் இடம் நினைவுக்கு வர வேண்டும். இக்காலத்திலே சாவடி என்றதும் சுங்கம்தான் நினைவுக்கு வருகிறது! நமக்கு அண்டையிலே 1968 பிப்ரவரி 28இலே ஆரோவில் தொடங்கியபோது 124 நாட்டு மண்ணைக் கொண்டுவந்து தாழியிலே இட்டார்கள். தெற்கே சில கல் தொலைவிலே புதுச்சேரி. 1815இலே ஆங்கிலேயனும் பிரெஞ்சுக்காரனும் உடன்படிக்கை எழுதிக்கொண்டு, பிரெஞ்சு இடங்களில் விளையும் உப்பையும் ஆங்கிலேயனே வாங்குவான், அதற்கு ஈடாக ஆண்டுக்கு நான்கு இலட்சம் சிக்கா ரூபாய் என்று பேசி முடித்தார்கள். உப்பை விளைவித்தவனை யாரும் கேட்கவில்லை. வடக்கே மரக்காணம், சிறுபாணாற்றுப்படை பாடும் எயிற்பட்டினம் இதுவே என்பர் அறிஞர் பலர். சங்க காலம் தொட்டுப் பெயர் பெற்ற கடற்கரை!

அந்த உப்பளத்தை ஒட்டிய கழுவேலியை 2021இலே பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 5,151 எக்டேருக்கு மேல். 2024இலே ராம்சர் பட்டியலிலும் சேர்த்தார்கள். நல்ல செயல், பாராட்டுகிறேன். கடல் கடந்து வரும் நாரை எந்தத் திங்களிலே வருகிறது, எந்தத் திங்களிலே போகிறது என்று எழுதிவைக்க ஏடு உண்டு. அக்டோபரிலே மழை இறங்கிப் பாத்திகள் மூழ்கியதும் உப்பளத்தான் எங்கே போகிறான், எந்தச் செங்கல் சூளையிலே, எந்த வட்டிக்கடை வாசலிலே நிற்கிறான் என்று எழுதிவைக்க ஏடு உண்டா?

2022இலே தமிழ்நாட்டு அரசு மழைக்கால உதவியாகக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது. அதற்கு முன்னே அதுவும் இல்லை. ஆகவே அதை எள்ளி நகையாட மாட்டேன். ஆனால் கணக்குப் போடத் தெரிந்தவன் போட்டுப் பார்க்கத்தானே வேண்டும்? அக்டோபர் முதல் டிசம்பர் வரை 92 நாட்கள். நாளொன்றுக்கு 54 ரூபாய் சொச்சம். ஆள் ஒருவருக்கு அல்ல, ஒரு குடும்பத்துக்கு! சரக்கு, சேவை வரியிலே உப்புக்கு விலக்கு உண்டு. உப்பிலே நிற்கிறவள் காலுக்குச் செருப்பும், கண் கூச்சத்துக்குக் கறுப்புக் கண்ணாடியும் வாங்கினால் வரி உண்டு. உப்புக்குக் காட்டிய இரக்கத்தை அதை அள்ளுகிறவள் மேலும் கொஞ்சம் தூவக் கூடாதா?

தோழர்களே! கோரிக்கையைக் கோட்டையிலே வைக்கிற வேலை மேலே இருப்பவர்களுடையது; வைக்காவிட்டால் நாம் கேட்போம். உங்களுக்கு வேறு இரண்டு வேலைகள். ஒன்று, உதவிப் பட்டியலிலே யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் விட்டுப்போயிற்று என்று வீடு வீடாகக் கேட்டு எழுதுவது. முக்கியமாக, தலைச்சுமை தூக்கும் பெண்களின் பெயர். கணவனை இழந்தவள் பெயர்தான் முதலிலே விடுபடும். மற்றொன்று, ஜூனிலே பள்ளி திறக்கும்போது பாத்தியிலே நின்றுவிடும் பிள்ளை எத்தனை பேர் என்று எண்ணுவது. ஆச்சாரியார் சட்டமாகச் செய்ய முயன்றதை வறுமை சட்டமில்லாமலே செய்துகொண்டிருக்கிறது.

வருகிற ஞாயிறே போங்கள். வெயில் ஏறிய பிறகு போனால் வரப்பிலே ஒருவரும் இருக்கமாட்டார்கள். இருட்டோடு வந்து வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். விடியுமுன் மரக்காணத்திலே இருங்கள். கையிலே மாலை வேண்டாம், பேரேடும் பேனாவும் போதும்.