வழிதவறி வந்த உயிர்

(விருத்தாசலம் வட்டம் கருவேப்பிலங்குறிச்சியில் மகாவீரர் நிர்வாணத் திருநாளையொட்டி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தீபாவளி நமக்கு வர்த்தமான மகாவீரர் பாவாபுரியில் வீடுபேறு எய்திய நன்னாள். வைகறையில் விளக்கேற்றி வணங்குகிறோம். அதே வைகறையில் ஊரெங்கும் வெடி முழங்குகிறது. மனிதச் செவி நொடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியையே கேட்கும். நாயின் செவியோ 45,000 வரை கேட்கும். நமக்கே அதிர்ச்சி தரும் ஓசை அதற்கு எத்தகையதாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கயிற்றை அறுத்துக்கொண்டு, சுவரைத் தாண்டி, அஞ்சிய உயிர் கண்மண் தெரியாமல் ஓடுகிறது. அச்சம் தணிந்தபோது அது நிற்கும் தெரு அதற்குப் பழக்கமில்லாத தெரு. அங்கே அதனைக் காண்பவர் செய்ய வேண்டியது என்ன என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நாய் வளர்ப்பதே சாவகர்க்கு ஏற்குமா என்று பெரியோர் சிலர் வினவுவதுண்டு. பொருள் வரையறை என்னும் அணுவிரதத்தில் நாற்கால் உயிர்களையும் உடைமைக் கணக்கில் சேர்த்து எண்ணும் மரபு நம்மிடம் இருப்பதால், அவ்வினா பொருளற்றதன்று. ஆயினும் வளர்ப்பதா வேண்டாவா என்பது நாமே முடிவு செய்யத்தக்கது. வழிதவறி நம் வாயிலில் வந்து நிற்கும் உயிர் நம் முடிவைக் கேட்டு வரவில்லை. அது மனமுடைய ஐம்பொறி உயிர். அதன் அச்சமும் ஏக்கமும் நம் கண்முன் தெரிகின்றன.

நாய்க்கும் நம் இலக்கியத்தில் உயர்ந்த இடமுண்டு. திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியில், வேள்விச் சோற்றைத் தீண்டியதற்காக அடிபட்டு உயிர்விடும் நாயின் செவியில் சீவகன் ஐம்பத மந்திரத்தை ஓதுகிறான். அவ்வுயிர் சுதஞ்சணன் என்னும் இயக்கனாகப் பிறந்து, பின்னர்ச் சீவகனுக்கு உற்ற துணையாகிறது. யாருடைய நாய் என்று சீவகன் கேட்கவில்லை. துன்புறும் உயிர் என்பதே அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

வழிதவறிய விலங்கின் முன் நம்முடைய இரண்டு விரதங்கள் ஒருங்கே நிற்கின்றன. ஒன்று கொல்லாமை. மற்றொன்று கள்ளாமை.

கொல்லாமை விரதத்திற்கு ஆசாரியர்கள் ஐந்து அதிசாரங்களை வகுத்துள்ளனர். கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. இவை அனைத்தும் பெரும்பாலும் வீட்டு விலங்குகளுக்கு நேர்வன என்பதைக் கவனியுங்கள். ஆகவே வந்த உயிருக்கு முதலில் நிழலும் நீரும் தருவது உபசாரம் அன்று. நம் விரதத்தின் பகுதி.

கள்ளாமையைச் சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் விளக்கும் முறை வியப்பூட்டுவது. பிறர் வைத்ததையும், வழியில் வீழ்ந்ததையும், மறந்துவிட்டதையும் தான் எடுக்காமலும் பிறர்க்குக் கொடுக்காமலும் இருப்பதே கள்ளாமை என்கிறார். அந்நூலின் வழிவந்த அருங்கலச்செப்பு நம் தமிழில் உள்ளது. சுவர் ஏறிக் குதிப்பது மட்டும் களவன்று. பிறர் இழந்ததை நமதாக்கிக்கொள்வதும் களவே. அழகான நாய்க்குட்டி வந்து நின்றது, யாரும் தேடி வரவில்லை, வைத்துக்கொண்டோம் என்று சொல்வதற்கு முன், யாரும் தேடாமல் இருந்தார்களா, நாம் யாருக்கும் சொல்லாமல் இருந்தோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். விரும்பிய நண்பருக்கு அதனைக் கொடுத்துவிடுவதும் அவ்விலக்கணத்தின்படி விரதத்திற்குக் குற்றமே.

நாட்டின் சட்டமும் இவ்வழியிலேயே செல்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 71-ஆம் பிரிவு, பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன் பொறுப்பில் வைப்பவர், ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காப்பவருக்குரிய கடமையை உடையவர் என்கிறது. 1860-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டம் திருட்டை விளக்கத் தந்த எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, தின்பண்டம் காட்டிப் பிறர் நாயைத் தன் பின்னே வரச் செய்பவனைப் பற்றியது. 1871-ஆம் ஆண்டு கால்நடை அத்துமீறல் சட்டத்தின்கீழ் ஊர்தோறும் பவுண்டுகள் ஏற்பட்டதை முதியோர் அறிவர். பயிரில் இறங்கிய மாட்டை அங்கே அடைப்பார்கள். அடைத்தவர் அதற்குத் தீனியும் தண்ணீரும் தரவேண்டும். உரியவர் வராவிடில் அறிவிப்பு ஒட்டி, அருகிலுள்ள ஊரிலும் சந்தையிலும் தமுக்கடித்துச் சொல்ல வேண்டும். ஏலம் அதன் பின்னரே. பயிரை மேய்ந்த மாட்டுக்கே ஊரறியச் சொல்லும் முறை இருந்ததென்றால், ஒரு தீங்கும் செய்யாமல் வழிதவறிய உயிருக்கு அதனினும் குறைவாகச் செய்யலாமா?

இங்கே ஓர் ஐயம் எழலாம். தில்லி சாந்தினி சௌக்கில் உள்ள திகம்பர செங்கோயிலின் பறவை மருத்துவமனையில் குணமடைந்த பறவைகள் வானில் விடப்படுகின்றன. அதுபோல நாயையும் அதன் போக்கில் விட்டுவிடுவது தானே விடுதலை என்று கேட்கலாம். பறவைக்கு வானம் இருப்பிடம். வீட்டில் வளர்ந்த நாய்க்குத் தெரு இருப்பிடம் அன்று. அது அங்கே இரை தேடவும், தெரு நாய்களின் எல்லைச் சண்டைக்கு ஈடுகொடுக்கவும், வண்டிக்கு ஒதுங்கவும் அறியாது. அதற்குரிய இடத்தில் சேர்ப்பதே அதற்கு நாம் தரும் அபயம்.

அவ்விடத்தை அவ்வுயிர் எவ்வளவு நாடும் என்பதற்கு ஒரு செய்தி. 2024-ஆம் ஆண்டு, கர்நாடகத்தின் பெலகாவி மாவட்டம் யமகர்ணி என்னும் ஊரிலிருந்து பண்டரிபுரம் யாத்திரைக்குச் சென்றவருடன் போன நாய் கூட்டத்தில் பிரிந்துவிட்டது. ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவைத் தானே கடந்து அது வீட்டு வாயிலில் வந்து நின்றது. ஊரார் மாலையிட்டு விருந்து வைத்தனர். ஆனால் இவ்வாறு வந்து சேர்பவை மிகச் சில. மற்றவை யாரேனும் ஒருவரின் கருணையை எதிர்நோக்கியே நிற்கின்றன.

இனி, செய்யத்தக்கவற்றைச் சொல்கிறேன். அஞ்சி நிற்கும் விலங்கைத் துரத்த வேண்டா. துரத்தினால் மேலும் தொலைவு ஓடும். சற்றுத் தள்ளி அமர்ந்து, நீரும் உணவும் வைத்து, அது தானே நெருங்கக் காத்திருங்கள். கழுத்துப்பட்டையில் எண் உள்ளதா என்று பாருங்கள். இல்லையெனில் அரசு கால்நடை மருந்தகத்திலும் காவல் நிலையத்திலும் தெரிவியுங்கள். பால்காரரிடமும் தேநீர்க் கடையிலும் சொல்லி வையுங்கள். இன்றைய தமுக்கு கைப்பேசி. படமெடுத்து ஊர்க் குழுக்களில் இடுங்கள். ஆயினும் எல்லா அடையாளங்களையும் வெளியிட வேண்டா. விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைகள் ஒரே அச்சில் வார்க்கப்படுவதால் ஒன்றுபோல் இருக்கும். உயிர் அப்படியன்று, ஒவ்வோர் உயிரும் தனித்தனி என்பது நம் கோட்பாடு. உரியவர் வால் நுனி வெண்மையையும் காதின் பழைய வடுவையும் கேளாமலே சொல்வார். அதுவே சான்று. ஒப்படைக்கும்போது கைம்மாறு கேளாதிருப்பது நமக்கு அழகு.

தொலைத்தவர்க்கும் ஒரு சொல். பூனை பெரும்பாலும் தொலைவு செல்லாது; அண்டை வீடுகளின் இடுக்குகளில் ஒளிந்திருக்கும். ஓசையடங்கிய இரவில் விளக்குடன் தேடினால் கிடைக்கும். நாய் பிரிந்த இடத்தில் அது படுத்த துணியை வைத்துக் காத்திருப்பது பயன் தரும். தோளெலும்புகளுக்கு இடையே தோலின் கீழ் அரிசி அளவிலான மைக்ரோசிப்பைச் செலுத்தும் முறை இப்போது பரவி வருகிறது. அதில் உள்ளது 15 இலக்க எண் மட்டுமே; விலங்கு இருக்கும் இடத்தை அது காட்டாது. பதிவேட்டில் நம் கைப்பேசி எண் மாறாமல் இருந்தால்தான் அது உதவும். மாடுகளுக்குக் காதில் இடும் 12 இலக்க வில்லையும் இத்தகையதே, அதனைக் கழற்றாதீர்கள். தமிழகத்தில் 2018 முதல் தீபாவளியன்று காலை ஒரு மணி நேரமும் மாலை ஒரு மணி நேரமுமே வெடிக்க அனுமதி. அவ்வேளைகளிலேனும் விலங்கை உள்ளறையில் வையுங்கள்.

வெள்ளாற்றை அடுத்த இப்பகுதியில் புயலையும் வெள்ளத்தையும் மறக்க முடியாது. 2011 டிசம்பர் 30-இல் வந்த தானே புயல் இம்மாவட்டத்தை உலுக்கியது. அத்தகைய நாளில் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தால், உடன் கொண்டுசெல்ல இயலாத மாட்டின் கயிற்றையேனும் அவிழ்த்துவிடுங்கள். கட்டிய விலங்கு வெள்ளத்தில் தப்பாது. கட்டிவைத்தலை அதிசாரங்களில் முதலாவதாக வைத்தவர்களின் தொலைநோக்கு அந்நேரத்தில் விளங்கும். அமெரிக்காவில் 2005-இல் கத்ரீனா சூறாவளியின்போது வளர்ப்பு விலங்குகளை விட்டு வர மறுத்துப் பலர் வீட்டிலேயே தங்கினர். அதன் பின், 2006-இல், பேரிடர்த் திட்டங்களில் அவற்றையும் சேர்க்கச் சட்டம் இயற்றப்பட்டது. விலங்கைக் காப்பது மனிதரைக் காப்பதும் ஆகும் என்பதை அந்நாடு அவ்வாறு கற்றது.

கடினமான வினா ஒன்று எஞ்சியுள்ளது. வந்த உயிரின் உடலில் அடித்த தழும்பும் பட்டினியின் மெலிவும் தெரிந்தால், அதனை அவ்வீட்டுக்கே திருப்பி அனுப்புவதா? கள்ளாமை அனுப்பு என்கிறது. கொல்லாமை தடுக்கிறது. மறைத்து வைத்துக்கொண்டு பொய் சொன்னால் வாய்மையும் கெடும். ஆதலின் வெளிப்படையாகச் செய்வதே வழி. மருத்துவரிடம் காட்டிக் குறிப்பு எழுதி வாங்குங்கள். 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வதைப்பதையும் பட்டினியிடுவதையும் கைவிடுவதையும் குற்றமாக வைத்துள்ளது. காவல் நிலையத்தில் முறையிடுங்கள். சிராய்ப்பு தெருவில் அலைந்ததாலும் நேர்ந்திருக்கலாம் என்பதையும் மறவாதீர்கள். உரியவரின் சொல்லைக் கேட்காமல் தீர்ப்பளிப்பதும் ஒரு வகை இம்சையே. உரியவர் எவரும் வாராத உயிருக்கு, உண்மையில் தேடி முடித்த பின், உங்கள் வீட்டில் இடம் கொடுத்தால் அது கருணைதானம்.

நேமிநாத சுவாமிகள் தம் திருமணத்திற்குச் செல்லும் வழியில் அடைக்கப்பட்ட விலங்குகளின் அலறலைக் கேட்டார், தேரைத் திருப்பினார். துறவு பூணும் ஆற்றல் நம் எல்லோர்க்கும் இல்லை. ஆனால் அந்தக் குரலுக்காகச் சற்று நிற்க நம்மால் இயலும். இத்திருநாள் இரவில் வாயிலில் ஒரு முனகல் கேட்டால், கதவைத் திறந்து பாருங்கள். ஒரு கிண்ணம் நீர் வையுங்கள். மறுநாள் காலையில் நான்கு பேரிடம் சொல்லுங்கள். எங்கோ ஒரு வீட்டில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருக்கும்.

 அறம் வளர்க! எல்லா உயிரும் இன்புறுக!