மாநகர மருத்துவமனையும் நம் வீட்டுச் செவிலியரும்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழாவில் பேசுவோர் சங்கத்தின் பெருமையை எடுத்துரைப்பது மரபு. நமக்கு முன் பேசிய சான்றோர் அதனைச் செவ்வனே செய்துவிட்டனர். ஆகவே, நம் இல்லங்கள் பலவற்றில் இன்று எழும் ஒரு வினாவை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். படிப்பு முடிந்தது, சென்னைக்குப் போகிறாள், எந்த மருத்துவமனையில் சேருவது?

இவ்வினாவிற்கு நாம் ஒருமுறை தவறான விடை சொன்னோம். அதனை இம்மேடையில் ஒப்புக்கொண்ட பிறகே பேசும் தகுதி நமக்கு உண்டு.

நம் பள்ளியில் பயின்று, சங்கத்தின் உதவித்தொகையால் செவிலியர் பட்டயம் பெற்ற மாணவி ஒருத்தி, இரண்டு பணி ஆணைகளோடு நம் வீட்டுத் திண்ணைக்கு வந்தாள். ஒன்று, மாணவர்க்குப் பயிற்சியளிக்கும் பழைய மருத்துவமனை ஒன்றின் ஆணை. மற்றொன்று, கண்ணாடி மாளிகை போன்ற பெரிய தனியார் மருத்துவமனையின் ஆணை. ஊதியம் மாதம் இரண்டாயிரம் ரூபாய் கூடுதல். “ஐயா, நீங்களே சொல்லுங்கள்” என்றாள். ஆணையின் இரண்டாம் பக்கத்தை நாம் புரட்டிப் பார்க்கவில்லை. “பெரிய இடம், அங்கேயே சேர்ந்துவிடு அம்மா” என்றோம்.

அந்த இரண்டாம் பக்கத்தில்தான் எல்லாம் இருந்தது. ஈராண்டு ஒப்பந்தம்; இடையில் விலகினால் பெருந்தொகை கட்ட வேண்டும்; அசல் சான்றிதழ்களை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். ஓராண்டு கழித்து அரசுப் பணிக்கான சான்றிதழ் சரிபார்ப்பிற்கு அவளுக்கு அழைப்பு வந்தது. அசல் சான்றிதழ்களைக் கேட்டாள். பணத்தைக் கட்டினால் தருவோம் என்றனர். அவள் தந்தையோடு நாமும் சென்று, அந்தக் குளிரூட்டிய வரவேற்பறையில் காலை முதல் மாலை வரை அமர்ந்திருந்தோம். கூலி வேலைக்குச் செல்லும் அம்மனிதர் நாற்காலியின் நுனியிலேயே அமர்ந்திருந்தார். சங்கத்தினர் பணம் திரட்டிச் சான்றிதழ்களை மீட்டபோது, சரிபார்ப்பு நாள் கடந்து மூன்று நாட்கள் ஆகியிருந்தன. அரசுப் பணி கை நழுவியது. இன்று அவள் வேறோர் இடத்தில் மூத்த செவிலியராக நற்பெயரோடு இருக்கிறாள். நம்மை ஒருநாளும் ஒரு சொல் கடிந்ததில்லை. கடிந்திருந்தால் நம் மனம் சற்றே ஆறியிருக்கும்.

அன்பார்ந்தவர்களே! மருத்துவம் நம் மக்களுக்குப் புதிய தொழிலன்று. அயோத்திதாசப் பண்டிதர் சித்த மருத்துவராக விளங்கியவர். நம் பாட்டிமார் மருத்துவச்சிகளாக ஊரெங்கும் குழந்தைகளைக் கையேந்தினர். பிள்ளைப்பேற்றின்போது அவர்கள் கை வேண்டியிருந்தது. மறுநாள் அதே கை தீட்டாயிற்று. அவர்தம் பேத்திமார் இன்று வெள்ளுடை அணிந்து, எக்குலத்தார் நாடியையும் தொட்டுப் பார்க்கின்றனர். தீண்டாமைக்கு இதைவிடச் சிறந்த மறுமொழி ஏது? ஆயினும், அந்தக் கைக்கு உரிய கூலியும் மதிப்பும் கிடைக்கும் இடம் எது என்று ஆராய்வது நம் கடமை.

மாநகரம் நம்மை ஈர்ப்பதற்குத் தக்க காரணங்கள் உண்டு. சென்னை அரசு பொது மருத்துவமனை, 1664ஆம் ஆண்டில் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் கம்பெனிப் படைவீரர்க்காகத் தொடங்கப்பெற்றது. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844இல் தோன்றியது. மாநகரத்திற்கு வெளியே வேலூரில் ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1900இல் ஒரே படுக்கையோடு தொடங்கிய பணி வளர்ந்து, 1946இல் செவிலியர் பட்டப்படிப்பே அங்குத் தொடங்கிற்று. இத்தகைய பெருநிறுவனங்களில் ஓராண்டில் காணும் நோய்களைச் சிற்றூர் மருத்துவமனையில் பத்தாண்டிலும் காண்பது அரிது. ஆகவே மாநகரம் செல்க. கண்ணைத் திறந்துகொண்டு செல்க.

எவற்றைப் பார்க்க வேண்டும்? முதலாவது, ஒப்பந்தம். ஆணையின் ஒவ்வொரு பக்கத்தையும் வீட்டிற்குக் கொணர்ந்து, படித்தவர் ஒருவரோடு அமர்ந்து வாசித்த பிறகே கையொப்பமிட வேண்டும். அசல் சான்றிதழைக் காட்டலாம், நகலைக் கொடுக்கலாம், அசலை விட்டுவரலாகாது. சான்றிதழ் உங்கள் உழைப்பின் சொத்து. 2012ஆம் ஆண்டில் சென்னைத் தனியார் மருத்துவமனைகளின் செவிலியர் தெருவில் இறங்கிப் போராடியது, இந்த ஒப்பந்தக் கட்டையும் குறைந்த ஊதியத்தையும் எதிர்த்தே.

இரண்டாவது, ஊதியம். 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தனியார் மருத்துவமனைச் செவிலியரின் நிலையை ஆராயக் குழு அமைக்க ஆணையிட்டது. 200 படுக்கைக்கு மேற்பட்ட மருத்துவமனையில் ஊதியம் அரசுச் செவிலியருக்கு இணையாக இருத்தல் வேண்டும். 100க்கு மேற்பட்டதில் 10 விழுக்காட்டிற்கு மேல் குறையலாகாது. 50 முதல் 100 வரையுள்ளதில் 25 விழுக்காட்டிற்கு மேல் குறையலாகாது. அதனினும் சிறியதில் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று அக்குழு பரிந்துரைத்தது. பரிந்துரை சட்டமாகாது. எனினும் கையில் அளவுகோல் இருந்தால் துணி எவ்வளவு குறைகிறது என்பதேனும் தெரியும். சொன்ன தொகையில் வைப்புநிதி, விடுதி, உணவு, சீருடை ஆகியவற்றுக்குப் பிடித்தது போகக் கைக்கு வருவது எவ்வளவு என்று கேளுங்கள். அந்தக் கணக்கைப் போட்டிருந்தால், நாம் பெரிதெனக் கண்ட இரண்டாயிரம் ரூபாய் விடுதிக் கட்டணத்திலேயே கரைந்துபோவதை அன்றே கண்டிருப்போம்.

மூன்றாவது, ஒரு செவிலியருக்கு எத்தனை நோயாளிகள் என்பது. பயிற்சி மருத்துவமனையின் பொது வார்டில் மூவருக்கு ஒருவர், ஏனைய பொது மருத்துவமனையில் ஐவருக்கு ஒருவர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர் என்பது இந்தியச் செவிலியர் மன்றம் வகுத்த அளவு. நம் மாணவி இரவுப் பணியில் தனியாகப் பதினான்கு பேரைக் கவனித்தாள். அந்நிலையில் மருந்து மாறினால் பழி யார் தலையில் விழும்? மேலாளரைக் கேட்பதைவிட, இரவுப் பணி முடிந்து வெளியே வரும் செவிலியர் ஒருவரை வாயிற்புறத்தில் கேளுங்கள், உண்மை கிடைக்கும்.

நான்காவது, உங்கள் உடல்நலம். கல்லீரல் அழற்சி ‘பி’ தடுப்பூசியை ஆறு மாத காலத்தில் மூன்று தவணையாகப் போட்டுக்கொள்ள வேண்டும். அதனை மருத்துவமனை போடுகிறதா? ஊசி குத்திவிட்டால் உடனே யாரிடம் சொல்வது என்று எழுதி வைத்திருக்கிறார்களா? எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்திற்குள், இயன்றவரை முதல் சில மணி நேரத்திலேயே தொடங்க வேண்டும். அச்சத்தால் மறைப்பவளே ஆபத்துக்கு உள்ளாகிறாள்.

ஐந்தாவது, கற்கும் வாய்ப்பு. அறுவை அரங்கு, தீவிர சிகிச்சை, சிறுநீரகச் சுத்திகரிப்பு எனப் பிரிவுகளில் சுழற்சி முறையில் பணி தருகிறார்களா, விலகும்போது அனுபவச் சான்று தருகிறார்களா என்று கேளுங்கள். நோயாளிக்கு மலச்சட்டி வைப்பதும் புண் துடைப்பதும் புனிதமான பணிகளே. ஆனால் அவை எப்பொழுதும் ஒரே கூட்டத்தாருக்கு மட்டும் ஒதுக்கப்பட்டால், அங்கே நடப்பது மருத்துவமன்று, ஊர் வழக்கம். “உங்கள் ஊரில் எந்தத் தெரு?” என்ற வினா விடுதி அறையிலும் வரும். தலை நிமிர்ந்து விடை சொல்லுங்கள். இழிவு செய்தால், அதற்கென 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு.

ஆறாவது, பெண்ணுக்கு உரியவை. பத்துப் பேருக்குக் குறையாத பணியிடத்தில், பாலியல் தொல்லை பற்றிய முறையீட்டைக் கேட்கக் குழு இருத்தல் வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். மகப்பேறு விடுப்பு 2017 முதல் 26 வாரம். இவ்வுரிமைக்காக 1928ஆம் ஆண்டிலேயே பம்பாய்ச் சட்டமன்றத்தில் குரல் கொடுத்தவர் அண்ணல் அம்பேத்கர் என்பதை நம் பெண்கள் அறிய வேண்டும். இரவுப் பணிக்கு வண்டி உண்டா, விடுதி மருத்துவமனைக்கு அருகில் உள்ளதா என்பனவும் பார்க்கத்தக்கன. மருத்துவமனை விடுதி சரியில்லையெனில், தமிழ்நாடு அரசு நடத்தும் ‘தோழி’ மகளிர் விடுதிகளையும் விசாரிக்கலாம்.

இறுதியாக, எங்குச் சேர்ந்தாலும் அரசுத் தேர்வுக் கதவைச் சாத்திவிடாதீர்கள். 2012இல் அமைந்த மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் வழியே அரசுச் செவிலியர் தெரிவு செய்யப்படுகின்றனர். அங்கே ஆதிதிராவிடர்க்கு 18 விழுக்காடும், அதனுள் 2009 முதல் அருந்ததியர்க்கு 3 விழுக்காடும், பழங்குடியினர்க்கு 1 விழுக்காடும் இடஒதுக்கீடு உண்டு. தனியார் மருத்துவமனையில் அது இல்லை. அரசிலும் தொகுப்பூதியத்தில் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் நிரந்தரத்திற்குக் காத்திருந்தோர் பலர் என்பதை மறைக்க மாட்டோம். ஆயினும் நம் முன்னோர் போராடிப் பெற்ற கதவு அது.

சங்கத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். கல்விக் கட்டணம் கட்டியதோடு நம் கடமை முடிந்ததெனக் கருதலாகாது. பணி ஆணையைப் படித்துப் பார்க்க மூவர் குழு ஒன்றை அமைப்போம். முதல் மாத விடுதிச் செலவிற்குக் கைமாற்று நிதி ஒன்றை ஒதுக்குவோம். அம்முதல் மாதச் செலவிற்குப் பணமில்லாமையே நம் பெண்களை எத்தாளிலும் கையொப்பமிடச் செய்கிறது. ஏற்கெனவே மாநகரில் பணிபுரியும் நம் செவிலியரின் பெயர்ப் பட்டியலைத் தொகுத்து, புதிதாகச் செல்வோர்க்கு மூத்த அக்காள் ஒருத்தியைக் காட்டுவோம். நிதிக்கு முதல் காணிக்கையாக நம் ஒரு மாத ஊதியத்தை இம்மேடையிலேயே அளிக்கிறோம்.

மாணவியரே! நாளை உங்களுள் ஒருத்தி பணி ஆணையோடு நம் திண்ணைக்கு வருவாள். இம்முறை நாம் கண்ணாடி போட்டுக்கொண்டு, இரண்டாம் பக்கத்தை முதலில் படிப்போம்.